ஆளை விட்டுப் பலகையைப் பார்த்த காமிரா!

ஓட்டப் பந்தயம். துப்பாக்கி வெடிக்கிறது. எட்டு வீரர்கள் பாய்ந்து வருகிறார்கள். வெற்றிக் கோட்டுக்கு அப்பால் புகைப்படக்காரர்கள் வரிசையாக மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். 'கிளிக், கிளிக், கிளிக்' என்று காமிராக்கள் பொரிகின்றன. பத்தே விநாடி. பந்தயம் முடிந்துவிட்டது!

ஒருவர் தம் காமிராவின் முதுகில் உள்ள சின்னத் திரையைப் பார்க்கிறார். அவர் முகம் சுருங்குகிறது. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்கிறார். குபீர் என்று சிரிக்கிறார்.

என்ன சங்கதி?

முதலில் வந்த வீரரின் முகம் பனி மூட்டம்போல் மங்கிக் கிடக்கிறது. அவருக்குப் பின்னால், வெகு தூரத்தில், ஒரு விளம்பரப் பலகை. அதில் உள்ள எழுத்துகள் மட்டும் அச்சுப்போல் தெளிவாக விழுந்திருக்கின்றன!

"விடு, விளம்பரக் கம்பெனியிடம் பணம் கேட்கலாம்" என்கிறார் சிரித்தவர்.

படம் எடுத்தவரும் சிரிக்கிறார். வேறு என்ன செய்வது? ஓடினவர்களைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை ஓடுங்கள்" என்று சொல்ல முடியுமா?

புகைப்படக்காரர்களிடையே இது பழைய கேலி. ஆனால் 2007-ம் ஆண்டில் இந்தக் கேலி பெரிதாகி, உலகத்தின் மிகப் பெரிய காமிராக் கம்பெனி ஒன்றின் கதவையே தட்டியது. அந்தக் கதை சுவையானது. அதைச் சொல்வதற்கு முன்னால், காமிராவுக்குக் கண் எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிடுவோம்.

ஒன்றரைச் சாண் இடம்

காமிராவின் லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகக் காட்டும். அந்தத் தூரத்துக்கு லென்சைப் பொருத்துவதைத்தான் 'போகஸ்' செய்வது என்கிறார்கள். முன்காலத்தில் இதைக் கையால் திருகித் திருகிச் செய்தார்கள். பிறகு காமிராவே பார்த்துத் தானாகத் திருகிக்கொள்ளும் முறை வந்தது. அதற்குப் பெயர் ஆட்டோ போகஸ்.

வீட்டில் குழந்தையைப் படம் எடுக்கிறவர்களுக்கு இது பெரிய கஷ்டம் இல்லை. விளையாட்டுப் படம் எடுப்பவர்களின் பாடுதான் பெரும் பாடு.

அவர்கள் கையில் இருப்பது பீரங்கிபோன்ற லென்ஸ். 400 மில்லிமீட்டர் லென்ஸ் என்று சொல்வார்கள். 20 மீட்டர் தூரத்தில் வரும் வீரரை அதை முழுக்கத் திறந்துவைத்து எடுத்தால், முன்னும் பின்னுமாகச் சேர்த்துச் சுமார் ஒன்றரைச் சாண் இடம்தான் தெளிவாக இருக்கும். மூக்கு தெளிவாக இருக்கும். பின்னால் வீசுகிற கை மங்கிவிடும்.

100 மீட்டரைப் பத்து விநாடியில் ஓடுகிறவர் ஒரு விநாடிக்குப் பத்து மீட்டர் வருகிறார். காமிரா ஒரு விநாடிக்குப் பத்துப் படம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் அவர் ஒரு முழு மீட்டர் முன்னால் வந்துவிடுவார்! தெளிவாக இருப்பதோ ஒன்றரைச் சாண்.

ஆகவே, வீரர் இப்போது எங்கே இருக்கிறார் என்று பார்த்தால் போதாது. படம் விழும் நேரத்தில் எங்கே இருப்பார் என்று காமிரா முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். ஜோசியம்தான். ஆனால் விநாடிக்குப் பத்து ஜோசியம்! ஒன்று தவறினாலும் வீரர் மங்கிவிடுவார்.

காமிராவுக்கும் இரண்டு கண்

இந்தக் கணக்கைக் காமிரா எப்படிப் போடுகிறது?

ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டுங்கள். இடக் கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு வலக் கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இங்கும் அங்கும் தாவுகிறது அல்லவா? விரலை முகத்துக்கு அருகே கொண்டுவந்தால் அதிகமாகத் தாவும். தூரத்தில் வைத்தால் குறைவாகத் தாவும். அந்தத் தாவலை வைத்தே நம் மூளை தூரத்தை அறிந்துகொள்கிறது.

காமிராவும் ஏறக்குறைய அப்படித்தான். லென்சின் ஒரு ஓரமாக வரும் வெளிச்சத்தில் ஒரு படமும், எதிர் ஓரமாக வரும் வெளிச்சத்தில் ஒரு படமும் அதற்குக் கிடைக்கின்றன. இரண்டும் எவ்வளவு விலகி விழுந்திருக்கின்றன என்று அளக்கிறது. எந்தப் பக்கம் எவ்வளவு திருக வேண்டும் என்று உடனே தெரிந்துவிடுகிறது.

இதற்கு வெளிச்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? ஒரு குட்டிக் கண்ணாடி!

பத்திரிகைக்காரர்கள் அந்தக் காலத்தில் பயன்படுத்திய காமிராக்களுக்குள் சாய்வாக ஒரு பெரிய கண்ணாடி இருக்கும். அதில் பட்டு மேலே போகும் வெளிச்சத்தில்தான் படக்காரர் காட்சியைப் பார்ப்பார். பெரிய கண்ணாடியின் முதுகில் ஒரு குட்டிக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய கண்ணாடியைத் தாண்டிக் கொஞ்சம் வெளிச்சம் கசியும். குட்டிக் கண்ணாடி அதைப் பிடித்துக் காமிராவின் அடித்தளத்துக்கு அனுப்பும். போகஸ் பார்க்கும் கருவி அங்கேதான் இருக்கிறது.

படம் எடுக்கும்போது இரண்டு கண்ணாடிகளும் மடங்கி மேலே போய்விடும். எடுத்ததும் கீழே விழுந்து பழைய இடத்தில் உட்காரும். ஒரு விநாடிக்குப் பத்துத் தடவை! ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், அதே சாய்வில், ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். மயிரிழை தவறினால் தூரக் கணக்குப் பொய்யாகிவிடும்.

இன்னொன்று. கருவிக்கு மனிதன் தெரியாது. அது தேடுவது கோடுகளையும், கறுப்பும் வெளுப்புமாக உள்ள விளிம்புகளையும்தான். கோடு எதுவும் இல்லாத வெள்ளைச் சட்டையை விட, பெரிய எழுத்து போட்ட பலகை அதற்கு அழகாகத் தெரியும். மாப்பிள்ளை யார், பந்தக்கால் எது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அப்போது யாரும் இல்லை.

நடுவே நழுவிய போகஸ்

இந்த வேடிக்கை ஆட்டோ போகஸ் பிறந்த அன்றே ஆரம்பித்துவிட்டது.

1977-ம் ஆண்டு ஜப்பானில் கோனிக்கா கம்பெனி 'சி35 ஏஎப்' என்ற காமிராவைக் கொண்டுவந்தது. கடைக்குப் பெருவாரியாக வந்த முதல் ஆட்டோ போகஸ் காமிரா இதுதான். போகஸ் கச்சிதமாக விழும் காமிரா என்ற பொருளில் ஜப்பானியர்கள் அதற்குச் செல்லப் பெயர்கூட வைத்தார்கள். நன்றாகவே விற்றது.

ஆனால் ஒரு கூத்து. கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். காமிரா நடுவில் பார்க்கும். நடுவில் என்ன இருக்கிறது? இரண்டு பேருக்கும் இடையே உள்ள சந்து! சந்து வழியாகப் பின்னால் தெரியும் மரத்தை அது அழகாகப் படம் எடுத்துக் கொடுத்துவிடும். தம்பதிகள் மங்கிவிடுவார்கள். 'நடுவே நழுவல்' என்ற பொருளில் ஜப்பானியர்கள் இதற்கும் ஒரு பெயர் வைத்தார்கள். நெருங்கி நிற்காத தம்பதிகளுக்குக் காமிரா கொடுத்த தண்டனை என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1978-ல், அமெரிக்காவின் போலராய்டு கம்பெனி வேறு வழியைப் பிடித்தது. வௌவாலின் வழி! அதன் காமிரா, காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும். அது மோதித் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துத் தூரத்தை அறிந்துகொள்ளும். இருட்டிலும் வேலை செய்தது. ஆனால் ஜன்னல் கண்ணாடி வழியே வெளியே பார்த்துப் படம் எடுத்தால் போச்சு! ஒலி கண்ணாடியில் பட்டே திரும்பிவிடும். காமிரா கண்ணாடியை போகஸ் செய்யும். வெளியே உள்ள மலை மங்கிவிடும்.

1985-ல் மினோல்டா கம்பெனியின் '7000' வந்தது. லென்சை மாற்றி மாற்றிப் போடக்கூடிய காமிராவில் ஆட்டோ போகஸை உள்ளேயே வைத்து வெற்றி கண்டது அதுதான். ஆனால் அமெரிக்காவின் ஹனிவெல் கம்பெனி, "இது எங்கள் கண்டுபிடிப்பு" என்று கோர்ட்டுக்குப் போனது. 1992-ல் மினோல்டா 12 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. போகஸ் என்பது எவ்வளவு பணம் புழங்கும் விஷயம் என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

1987-ல் கேனன் கம்பெனி 'இஓஎஸ்' என்ற வரிசையை ஆரம்பித்தது. போகஸைத் திருப்பும் மோட்டாரை ஒவ்வொரு லென்சுக்குள்ளும் வைத்தது. வேகம் கூடியது. விளையாட்டுப் படக்காரர்கள் கூட்டம் கூட்டமாக அந்தப் பக்கம் போனார்கள். கேனனின் பெரிய லென்சுகளுக்கு வெள்ளை நிறம் பூசியிருக்கும். வெயிலின் சூடு ஏறாமல் இருக்க அந்த வெள்ளை. உலகப் பந்தயங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். மைதானத்தின் ஓரத்தில் கொக்கு வரிசைபோல் வெள்ளைக் குழாய்கள்!

சூடு பற்றி அவ்வளவு கவலைப்பட்ட கம்பெனி. அதற்குச் சோதனை வந்ததும் சூட்டினால்தான்.

வந்தது புதுக் காமிரா

2007 பிப்ரவரியில் கேனன் ஒரு புதுக் காமிராவை அறிவித்தது. பெயர் 'இஓஎஸ்-1டி மார்க் 3'. விநாடிக்குப் பத்துப் படம்! ஒரு படத்தில் ஒரு கோடிப் புள்ளிகளுக்கு மேல்! போகஸ் பார்க்க 45 இடங்கள்! விளையாட்டுப் படக்காரர்களுக்கும் செய்தி நிறுவனங்களுக்கும் என்றே செய்தது. விலை நாலாயிரம் டாலர் கணக்கில்.

அதில் இன்னொரு வசதியும் இருந்தது. லென்ஸ் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ போகஸ் செய்தால், படக்காரரே அதைத் திருத்தி வைத்துக்கொள்ளலாம். முன்பக்கம் 20 படி, பின்பக்கம் 20 படி. பலே ஏற்பாடு!

படக்காரர்கள் ஆவலோடு வாங்கினார்கள். இரண்டு இரண்டாக வாங்கினவர்களும் உண்டு. ஒன்று கெட்டால் இன்னொன்று வேண்டுமே!

சில வாரங்களில் முணுமுணுப்பு கிளம்பியது.

ஓடிவரும் வீரரைத் தொடர்ந்து இருபது படம் எடுத்தால், முதல் சில படங்கள் தெளிவாக இருக்கும். திடீரென்று இரண்டு மூன்று மங்கும். மறுபடி தெளியும். மறுபடி மங்கும். வீரரை மறைத்து யாரும் வரவில்லை. படக்காரரும் குறி தவறவில்லை. பிறகு ஏன்?

அதுவும் நல்ல வெயிலில், சூடான நாளில்தான் இந்தத் தொல்லை அதிகம். மேகம் மூடிய குளிர்ந்த நாளில் காமிரா சமர்த்தாக இருந்தது. வழக்கமாக வெளிச்சம் குறைந்தால்தான் ஆட்டோ போகஸ் தடுமாறும். இங்கே எல்லாம் தலைகீழ்!

கேலிக்குக் கேட்பானேன்! "விநாடிக்குப் பத்துப் படம் எடுக்கும் என்றார்களே, உண்மைதான். பத்தும் மங்கல்!" என்றார்கள். "நாலாயிரம் டாலரில் நல்ல காகிதக் கனம் வாங்கியிருக்கிறேன், மேஜையில் தாள் பறக்காது" என்றார்கள். மங்கின படத்தைக் காட்டி, "இது கலைப் படம், உனக்குப் புரியாது" என்றார்கள். கோடைக் காலத்தில் காமிராவை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று யோசனை சொன்னவர்களுக்கும் குறைவில்லை.

கையா, காமிராவா?

சிரிப்புக்குப் பின்னால் ஒரு கவலை இருந்தது.

ஒரு படம் மங்கினால் பழி யார் மேல் விழும்? "காமிரா கெட்டுவிட்டது" என்று சொன்னால் பத்திரிகை அலுவலகத்தில் யார் நம்புவார்கள்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். சக படக்காரர்களே, "உன் கை நடுங்கியிருக்கும்" என்பார்கள். "குறிப்புப் புத்தகத்தை முதலில் படி" என்பார்கள்.

இந்தப் பழியும் புதிது அல்ல. 1944 ஜூன் 6-ந் தேதி பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் அமெரிக்கச் சிப்பாய்களோடு இறங்கினார் ராபர்ட் காப்பா என்ற புகழ்பெற்ற யுத்தப் படக்காரர். குண்டு மழைக்கு நடுவே அவர் எடுத்த படங்கள் அமெரிக்காவின் 'லைப்' பத்திரிகையில் வெளிவந்தன. படங்கள் கலங்கியிருந்தன. பரபரப்பில் படக்காரர் காமிராவை அசைத்துவிட்டார் என்ற பொருளில் பத்திரிகை ஒரு படத்தின் கீழே குறிப்புப் போட்டது. காப்பா என்ன செய்தார் தெரியுமா? 1947-ல் தம் யுத்த அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். அதற்கு 'சற்றே போகஸ் தவறியது' என்ற பொருளில் தலைப்பு வைத்தார்! பழியைக் கேலியாக்கித் தலையில் சூட்டிக்கொண்டவர் அவர்.

ஆனால் காப்பா பெரிய மனிதர். கேலி செய்துவிட்டுப் போகலாம். மாதச் சம்பளம் இல்லாமல், எடுத்த படத்துக்குத்தான் கூலி என்று வாழ்கிற ஆயிரக்கணக்கான படக்காரர்கள் என்ன செய்வார்கள்? காமிரா அவர்கள் சொந்தப் பணம். சிலருக்குக் கடன். கோல் விழுந்த அந்த ஒரு நொடி மங்கிவிட்டால், அடுத்த வாரம் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஆகவே காமிராவைச் சோதித்துப் பார்க்கிற பழக்கமும் வளர்ந்தது. மேஜையில் மின்கலங்களை வரிசையாக நிற்கவைத்து, நடுவில் உள்ளதைக் குறிவைத்து எடுப்பார்கள். எது தெளிவாக விழுகிறது என்று பார்ப்பார்கள். செங்கல் சுவரை எடுப்பார்கள். சுவரில் செய்தித்தாளை ஒட்டி எடுப்பார்கள். "இந்த ஆசாமிக்கு மனிதனையே படம் எடுக்கத் தெரியாது, சுவர்தான்!" என்று இதற்கும் ஒரு கேலி.

ஆனால் அசையாத சுவரைப் பார்த்து, ஓடுகிறவனை எப்படிப் பிடிக்கும் என்று சொல்ல முடியுமா? அதற்குப் பொறுமை உள்ள ஒருவர் தேவைப்பட்டார்.

வெயிலில் நின்றவர்

ராப் கால்பிரெய்த் என்பவர் கனடா நாட்டுப் பத்திரிகைப் படக்காரர். டிஜிட்டல் காமிராக்களைப் பற்றி எழுதுவதிலும் பெயர் பெற்றவர். பல ஆண்டுகளாகக் கேனன் காமிராவைப் பயன்படுத்தியவர். அதைக் குறை சொல்லி அவருக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை.

அவர் புதுக் காமிராவை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். ஓடுகிறவர்களை எடுத்தார். பந்தாட்டம் எடுத்தார். வெயிலில் எடுத்தார். நிழலில் எடுத்தார். ஒரு காமிராவில் மட்டும் கோளாறாக இருக்கலாம் என்று, வேறு வேறு காமிராக்களிலும் எடுத்துப் பார்த்தார். கேனனின் பழைய மாதிரியான மார்க் 2 வகைக் காமிராவோடு ஒப்பிட்டார். ஆயிரக்கணக்கான படங்கள்! ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார்.

2007-ம் ஆண்டின் நடுவில் தம் முடிவை வெளியிட்டார். படங்களை ஒன்று விடாமல் வரிசையாகவே போட்டுக் காட்டினார். இதோ தெளிவு, இதோ மங்கல், இதோ மறுபடி தெளிவு. சூடும் வெயிலும் இருந்தால் புதுக் காமிரா தடுமாறுகிறது. பழைய காமிராவே பரவாயில்லை என்றார்.

அதைப் பார்த்த படக்காரர்கள் எத்தனை பேர் பெருமூச்சு விட்டிருப்பார்கள்! கோளாறு நம் கையில் இல்லை என்று ஊரறியச் சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிட்டார் அல்லவா?

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. "என் காமிரா நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொன்னவர்களும் நிறைய. அவர்கள் சொன்னதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எல்லாக் காமிராவுக்கும் ஒரே அளவு நோய் இல்லை. எல்லோரும் சுடுகிற வெயிலில் ஓடுகிறவனை எடுப்பதும் இல்லை.

பெட்டியில் நீலப் பொட்டு

கேனன் முதலில் காமிராவுக்குள் இருக்கும் கட்டளைத் தொகுப்பைத் திருத்தி வெளியிட்டது. கொஞ்சம் குணம் தெரிந்தது. நோய் போகவில்லை.

பிறகு, 2007 அக்டோபரில், கேனனே ஒப்புக்கொண்டது. சில காமிராக்களில் குட்டிக் கண்ணாடி இயங்கும் அமைப்பு சரியாகப் பொருத்தப்படவில்லை; மிகுந்த சூட்டில் ஓடும் பொருளைத் தொடர்ந்து எடுத்தால் போகஸ் நிலையில்லாமல் போகலாம் என்று அறிவித்தது. ஆம், நாம் முன்னே பார்த்த அதே குட்டிக் கண்ணாடிதான்! தீப்பெட்டியை விடச் சின்னது. அது படுத்திய பாடு, உலகம் முழுவதும் மைதானங்களில் தெரிந்தது.

கம்பெனி காமிராக்களைத் திரும்பப் பெற்று, அந்தப் பகுதியைச் சரிசெய்து கொடுத்தது. காசு வாங்கவில்லை. புதிதாகத் தொழிற்சாலையிலிருந்து வந்த நல்ல காமிராக்களுக்கு அடையாளமாக, அட்டைப் பெட்டியில் ஒரு நீலப் பொட்டு வைத்தது. கடைக்குப் போகிறவர்கள் காமிராவைப் பார்ப்பதற்கு முன்னால் பெட்டியைப் பார்த்தார்கள். "பொட்டு இருக்கிறதா?" என்பதுதான் முதல் கேள்வி!

கால்பிரெய்த் பொட்டு வைத்த காமிராவையும் விடவில்லை. மறுபடி மைதானம், மறுபடி வெயில். முன்னைக்குத் தேவலை, ஆனால் முழுத் திருப்தி இல்லை என்றார்.

வெள்ளையும் கறுப்பும்

இதற்குள் எதிர்க் கடை சும்மா இருக்குமா? அதே 2007 ஆகஸ்டில் நிக்கான் கம்பெனி 'டி3' என்ற காமிராவை அறிவித்தது. ஆண்டு முடிவதற்குள் கடைக்கு அனுப்பியது. அதில் போகஸ் பார்க்க 51 இடங்கள். மங்கிய விளக்கொளியிலும் நன்றாகப் படம் விழுந்தது.

காமிராக் கம்பெனியை மாற்றுவது செருப்பு மாற்றுவதுபோல் அல்ல. ஒரு கம்பெனி லென்ஸ் இன்னொரு கம்பெனிக் காமிராவில் பொருந்தாது. விளையாட்டு லென்ஸ் ஒன்றின் விலையே காமிராவின் விலையைத் தாண்டும். அத்தனையையும் விற்றுவிட்டு, புதிதாக வாங்க வேண்டும். பித்தான்கள் இருக்கும் இடம் வேறு. லென்ஸ் திரும்பும் திசைகூட வேறு. இருபது ஆண்டு பழகிய விரல்கள் மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். குடித்தனத்தையே ஊர் மாற்றுவதுபோல்தான்.

அப்படியும் பலர் மாறினார்கள். 2008-ல் பெய்ஜிங் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தபோது, படக்காரர்கள் உட்கார்ந்த இடத்தில் வெள்ளைக் குழாய்களுக்கு நடுவே நிக்கானின் கறுப்புக் குழாய்களும் நிறையத் தெரிந்தன. கொக்குக் கூட்டத்தில் காக்கைகள் வந்து உட்கார்ந்ததுபோல!

கேனனும் சளைக்கவில்லை. 2009 அக்டோபரில், போகஸ் அமைப்பைத் திருத்தி, 'மார்க் 4' காமிராவை அறிவித்தது. பிறகு வந்த அதன் காமிராக்கள் மைதானத்தில் மறுபடி நல்ல பெயர் எடுத்தன. நிக்கானுக்கும் அதன் பங்கு சோதனை வந்தது. 2012-ல் அதன் 'டி800' காமிராக்கள் சிலவற்றில் இடப் பக்கத்துப் போகஸ் இடங்கள் சரியாக வேலை செய்யவில்லை. இப்போது சிரிக்கும் முறை அந்தப் பக்கத்துக்கு வந்தது!

வழுக்கைத் தலையைத் துரத்திய காமிரா

இன்றைய புதுக் காமிராக்களில் அந்தக் குட்டிக் கண்ணாடியே இல்லை. பெரிய கண்ணாடியும் இல்லை. படம் பதியும் தகடே போகஸையும் பார்த்துக்கொள்கிறது. உட்காருவதற்குக் கண்ணாடி இல்லை என்றால் கோணலாக உட்காருவது ஏது?

லட்சக்கணக்கான படங்களைக் காட்டி, முகம் எது, கண் எது, பறவை எது, கார் எது என்று இயந்திரத்துக்குப் பழக்கியும் விட்டார்கள். ஆளின் கருவிழியைத் தேடிப் பிடித்து, அவர் ஓடினாலும் விடாமல் துரத்துகிறது. விளம்பரப் பலகை தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் பலகையில் ஒரு நடிகையின் பெரிய படம் இருந்தால்? அந்தக் கண்ணையும் கண் என்றே எண்ணிப் பிடித்துக்கொள்வது உண்டு!

2020 அக்டோபரில் ஸ்காட்லாந்து நாட்டின் இன்வர்னெஸ் நகரில் ஒரு கால்பந்தாட்டம் நடந்தது. நோய்த் தொற்றுக் காலம். மைதானத்தில் கூட்டம் இல்லை. ரசிகர்கள் வீட்டிலிருந்தபடியே பார்த்தார்கள். காமிராவுக்குப் பின்னால் ஆள் இல்லை. பந்து எங்கே போகிறதோ அங்கே தானாகத் திரும்பும் இயந்திரக் காமிராவை வைத்திருந்தார்கள்.

மைதானத்தின் ஓரத்தில் கொடியோடு ஓடிக்கொண்டிருந்த துணை நடுவருக்கு நல்ல வழுக்கைத் தலை. வெயில் பட்டுப் பளபளத்தது. காமிரா அதைப் பந்து என்று நினைத்துவிட்டது!

பந்து ஒரு பக்கம் போகும். காமிரா வழுக்கையைப் பார்த்துத் திரும்பும். திருப்பிவிட்டாலும் மறுபடி வழுக்கைக்கே வரும். பணம் கட்டி ஆட்டம் பார்க்க உட்கார்ந்தவர்களுக்கு ஆட்டத்தை விட வழுக்கைதான் அதிகம் தெரிந்தது. ஆட்டத்தை வருணித்துக்கொண்டிருந்தவர், பார்க்கிறவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. துணை நடுவருக்கு ஒரு தொப்பி கொடுங்கள் என்று ரசிகர்கள் யோசனை சொன்னார்கள்.